என் ரத்தம், அக்காவின் தோல்

நான்காவது முறையாகக் கழிவறைக் கதவு தாழிடப்படும் சத்தம் கேட்டதும் எழுந்துபோய் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். திங்கட்கிழமை, காலை மணி பத்துகூட ஆகவில்லை. எங்கள் டோங்காத் தீவு மக்களின் வானொலி நிலையத்தில் யாரோ ஒரு போதகர், நீண்ட விடுமுறை என்று குடித்துவிட்டுக் காரோட்டாதீர்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் சொன்னது எதுவும் எனக்குத் தேவையில்லை, சத்தம்தான் தேவை. பிழைக்க வந்த இந்த ஊரில், மாங்கெரேயில், நாங்கள் இருக்கும் வீட்டில் சமையலறைக்கும் கழிவறைக்கும் நடுவே இருப்பது மெல்லிய பலகைச் சுவர். உள்ளே இருப்பவர் பெருமூச்சு விட்டால்கூட வெளியே கேட்கும். உள்ளே இருந்தது என் அக்கா லெசியெலி. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தால் கூசிப்போய்விடுவார். மரியாதை என்று நினைத்துத்தான் ரேடியோவைக் கூட்டினேன். இப்போது நினைத்தால் அதைத் தூக்கி என் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அக்காவுக்கு ரத்தப் புற்று. மே மாதத் தொடக்கத்தில் நான்கு நாள், காலையும் மாலையும், உடம்பு முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுத்து எலும்புக்குள் இருந்த ரத்த உற்பத்தியை அடியோடு அழித்தார்கள். பிறகு அந்த இடத்தில் என் அணுக்களை ஏற்றினார்கள். உடன்பிறந்த ஐந்து பேரையும் சோதித்ததில் நான் ஒருவன்தான் அச்சு அசலாகப் பொருந்தினேன். ஐந்து நாள் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டேன். இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறித்தது. அப்புறம் இரண்டு கையிலும் குழாயோடு நாலரை மணி நேரம் அசையாமல் கிடந்தேன். பையில் இறங்கியது தக்காளி சூப் மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு நான் நடந்த நடை இருக்கிறதே! சர்ச்சில் போதகர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். பெண்கள் அழுதார்கள். மொத்த விலைக் காய்கறிக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அங்கே பசங்கள் சும்மா விடுவார்களா? "கிதியோனே, இனி உன் அக்காவுக்கும் உன்ன மாதிரி தொப்பை விழும்டா" என்றார்கள். "டேய், எங்க அக்காவ இழுக்காத" என்று முறைத்தேன். உள்ளுக்குள் இனித்தது. எங்கள் வழக்கப்படி, பிறந்ததிலிருந்து அக்காவுக்குக் கொடுக்க வேண்டியவனாகவே வளர்ந்தவன் நான். விருந்தில் முதல் பன்றி அவருக்கு, நல்ல பாய் அவருக்கு, என் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் உரிமை அவருக்கு. இப்போது உயிரையே கொடுத்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

டாக்டர் லாய் அப்போதே எச்சரித்தார். சீனப் பெண், சின்ன உருவம், ஆனால் பேசினால் அறை அடங்கும். "கதிர்வீச்சுல இவங்களோட காவல் படைய முழுசா எடுத்துட்டோம். இப்ப உள்ள போறது உங்க படை. அதுக்கு இவங்க உடம்பு புது ஊர். கொஞ்ச நாள்ல, இது நம்ம வீடு இல்லையேன்னு அடிக்க ஆரம்பிக்கலாம். தோல், குடல், ஈரல், மூணையும்தான் முதல்ல தொடும். லேசா அடிச்சா நல்லதுதான், மிச்சம் மீதி புற்றணுவையும் சேத்து அடிக்கும். அளவு மீறிச்சுன்னா ஆளையே கொண்டுபோயிடும். முதல் நாளே எனக்குத் தெரியணும்."

"எங்க ஆளுங்க அக்காவ அடிக்க மாட்டாங்க டாக்டர்" என்றேன். பல்லை இளித்துக்கொண்டு சொன்னேன்.

அக்காவை வீட்டுக்கு அனுப்பும் நாளில் பிரிஜெட் என்ற நர்ஸ் ஒரு தாளைக் கையில் கொடுத்தாள். தினமும் அக்காவிடம் கேட்டுக் கட்டம் கட்டமாக எழுத வேண்டும். காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டார், உள்ளங்கை, உள்ளங்கால், வயிற்றுத் தோல் எப்படி இருக்கிறது. கடைசிக் கட்டம்: எத்தனை முறை போனார், என்ன நிறம், எவ்வளவு. அளப்பதற்கு என்று கோடு போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணம் வேறு. எனக்குக் காது மடல் சுட்டது. அக்கா படுக்கும் அறையின் வாசலை நான் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு தாண்டியதில்லை. அவர் உட்கார்ந்திருக்கும்போது டிவியில் முத்தம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். அவர் எதிரில் யாராவது கொச்சையாக ஒரு வார்த்தை சொன்னால் நான் அடிக்கப் போவேன். இவள் என்னடாவென்றால், பச்சையா மஞ்சளா என்று என்னையே கேட்கச் சொல்கிறாள்.

"இதுல உங்களுக்கு ஏதாவது சிரமம் இருக்கா?" என்று கேட்டாள்.

ஒரு வரி போதும். எங்களில் தம்பி அக்காவிடம் இதைக் கேட்க முடியாது, பெண் யாரையாவது அனுப்புங்கள் என்று. சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பார்கள். அந்த வெள்ளைக்காரப் பெண் முன்னால் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. காட்டான் என்று நினைப்பாளோ என்று பயம். "ஒரு சிரமமும் இல்ல" என்றேன். கிண்ணத்தைப் பைக்குள் போட்டு, அதன் மேல் என் சட்டையைச் சுற்றி எடுத்துவந்தேன்.

டோங்காவில், நூக்குவாலோஃபாவிலிருந்து சித்தி மகள் வந்து பார்த்துக்கொள்வதாக இருந்தது. விசா வரவில்லை. என் மனைவி சேய்னி விமான நிலையத்தில் பயணிகளுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில் வேலை செய்கிறாள். விடியும் முன்னே போனால் மூன்று மணிக்குத் திரும்புவாள். அக்கா மருத்துவமனையில் கிடந்த நாட்களில் இருந்த விடுப்பையெல்லாம் அவள் எடுத்துத் தீர்த்தாயிற்று. பிள்ளைகளைத் தொற்றுக்குப் பயந்து உறவினர் வீட்டில் விட்டிருந்தோம், நான் கிடங்கில் விடுப்புப் போட்டிருந்தேன். ஆக, பகலெல்லாம் வீட்டில் அக்காவும் நானும். அவர் அறைக்குள், நான் சமையலறைக்குள்.

வியாழக்கிழமை சோதனைக்குப் போனபோது எல்லாம் நன்றாக இருந்தது. அரசர் பிறந்தநாள் விடுமுறை வந்ததால் அடுத்த சோதனை செவ்வாய்க்கிழமை. ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் எந்த நேரமும் கூப்பிடுங்கள் என்று கொடுத்த எண் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அக்கா அடிக்கடி கழிவறைக்குப் போகத் தொடங்கினார்.

"எப்படி இருக்கீங்கக்கா?" என்று கூடத்திலிருந்தே கேட்பேன்.

"நல்லாருக்கேன் தம்பி. நீ சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். தாளை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் "ஒன்று, சாதாரணம்" என்று எழுதினேன். சனிக்கிழமை "இரண்டு" என்று எழுதினேன். ஏன் தெரியுமா? தினமும் ஒன்று என்று எழுதினால் நம்ப மாட்டார்கள் என்று தோன்றியது. அந்த அளவுக்கு யோசித்திருக்கிறேன். என் மூஞ்சிக்கு அந்தப் புத்தி வேறு. ஞாயிற்றுக்கிழமை அக்கா ஜன்னல் திரையை இழுத்துவிடக் கை தூக்கியபோது உள்ளங்கை சிவந்திருந்ததைப் பார்த்தேன். கொதிநீரில் முக்கி எடுத்தது மாதிரி.

"கை என்னாச்சுக்கா?"

"பாத்திரம் கழுவினேன். சுடுதண்ணி."

அவரைப் பாத்திரம் கழுவ விட்டதே இல்லை. இருந்தும் நம்பினேன். நம்பியது எனக்குச் சௌகரியமாக இருந்தது. "தோல்: சரி" என்று எழுதினேன். சாயங்காலம் சேய்னி வந்து, "அண்ணி, வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "அதான் தம்பி எழுதுறானே, பாரு" என்றார் அக்கா. சேய்னி தாளைப் பார்த்தாள், திருப்தியாகத் தலையாட்டினாள். நாத்தனாரை அதற்கு மேல் துருவ அவளுக்கும் தைரியம் கிடையாது. அக்கா என் பக்கம் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை, ரேடியோ அலறிக்கொண்டிருந்தபோது, பதினொன்றரை மணிக்கு, அந்தச் சத்தத்தையும் மீறி உள்ளே ஏதோ விழுந்தது. ரேடியோவை நிறுத்தினேன்.

"அக்கா?"

 கொஞ்சம் கழித்து, மிக மெல்லிசாக, "வராத" என்றார்.

நான் போகவில்லை. அந்தத் தாழ்ப்பாள் வெளியிலிருந்து ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினால் திறந்துவிடும். எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டிருக்கிறேன். பையில் நாணயம் இருந்தது. ஆனால் நான் சேய்னிக்குப் போன் போட்டேன். "கதவத் தெறடா மாடு!" என்று அவள் போட்ட கூச்சல் அந்தச் சமையல்கூடத்துக்கே கேட்டிருக்கும். "ஆம்புலன்சைக் கூப்பிட்டியா? இல்லையா? அப்ப என் கூட என்ன பேச்சு?" ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு, வண்டிக்கு வழி காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு வாசல் கேட்டில் போய் மழையில் நின்றேன். பதினான்கு நிமிடம். வந்தவர்களில் ஒரு பெண் உள்ளே போனாள், தாழ்ப்பாளைப் பார்த்தாள். "நாணயம் இருக்கா?" என்று கேட்டாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மருத்துவமனையில் டாக்டர் லாய் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து அக்காவைச் சோதித்தார். நான் திரைக்கு வெளியே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சேய்னி வேலையிலிருந்து நேராக, தலையில் வலைத் தொப்பியோடு வந்திருந்தாள். டாக்டர் வெளியே வந்து என் தாளைக் கையில் எடுத்தார்.

"நேத்து வரைக்கும் ஒண்ணுமில்ல. இன்னிக்கு இப்படிக் கொட்டுது. இவ்வளவு திடீர்னு வந்தா வயித்துல தொற்றா இருக்கலாம். தொற்றுன்னா இப்ப ஸ்டீராய்டு குடுத்துக் காவல் படைய அடக்கறது நெருப்புல எண்ணெய் ஊத்தற மாதிரி. கையெல்லாம் சிவந்திருக்கு, அது மருந்து ஒவ்வாமையாவும் இருக்கலாம். பரிசோதன முடிவு வர ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் பொறுத்துப் பாக்கலாம்னு நெனைக்கிறேன்."

"டாக்டர், கொஞ்சம் வெளிய வாங்க."

"இங்கயே சொல்லுங்க. அவங்களும் கேக்கட்டும், அவங்க உடம்புதானே."

திரைக்கு அந்தப் பக்கம் அக்கா விழித்திருந்தார். மூச்சு கேட்டது.  ரெண்டு நாள், ரெண்டு நாள் என்று மண்டைக்குள் அடித்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுவரில் கை கழுவும் முறை படம் போட்டு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை மூணு தடவ. சனிக்கிழமை ஏழு. ஞாயித்துக்கிழமை பதினொண்ணு. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ஒம்பது. கை சிவந்தது நேத்தே. இதுல எழுதினது பொய்."

டாக்டர் தாளை மறுபடி பார்த்தார். "எண்ணினீங்களா?" என்று கேட்டார். "எண்ணிக்கிட்டே ஒண்ணுன்னு எழுதினீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

 சேய்னி எனக்காக ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள், அக்கா தம்பி, எங்கள் வழக்கம், மரியாதை என்று. கேட்கக் கேட்க எனக்கே அசிங்கமாக இருந்தது. திரைக்குப் பின்னால் அக்கா இருமினார். அவர் வாழ்நாளில் அவரைப் பற்றி யாரும் இப்படி ஒரு கணக்கை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னவன் நான். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றியோடு உள்ளே போயிருப்பேன்.

"அப்ப இது படிப்படியா ஏறியிருக்கு. இது உங்க அணுக்கள்தான்" என்றார் டாக்டர். குடலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதன் முடிவுக்குக் காத்திருக்காமல் அன்று சாயங்காலமே ஸ்டீராய்டு ஏற்றினார்கள். "அஞ்சு நாள்ல அடங்கினா பொழச்சாங்க. அடங்கலைன்னா வேற மருந்து பாக்கணும். அதுக்கு மேல நான் எதுவும் உறுதி சொல்ல முடியாது" என்றார். பிரிஜெட் நடைபாதையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமையே கூப்பிட்டிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது கிதியோனே" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவள், "நானும் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்" என்று என் தோளைத் தட்டினாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து அறைக்குள் போகவில்லை. நடைபாதை நாற்காலியிலேயே கிடந்தேன். சேய்னி, வேலை போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே அக்காவோடு இருந்தாள். மணிக்கொரு தரம் வெளியே வந்து சொல்வாள். வயிறு போவதில் ரத்தம் கலந்திருக்கிறது. கண் மஞ்சளாகிவிட்டது, ஈரலையும் தொட்டுவிட்டது. முதுகுத் தோல் படுக்கை விரிப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒவ்வொன்றையும் கேட்கும்போது என் கையைப் பார்த்துக்கொள்வேன். எங்களில் அக்காவைக் கைநீட்டி அடித்தவன் என்று ஒருவன் இருந்தால், ஊரில் அவன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். நான் உள்ளேயே புகுந்து அடித்துக்கொண்டிருக்கிறேன், அவர் கதவைத் தாழ்போட முடியாத இடத்தில். இங்கே நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிப்பவனும் நான்தான். வேண்டாம் என்று என் அணுக்களிடம் சொல்ல ஒரு வழியும் இல்லை. வெள்ளிக்கிழமையே ஒரு போன் செய்து டாக்டரிடம் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

புதன்கிழமை சர்ச் ஆட்கள் வந்தார்கள். பெரிய அலுமினியத் தட்டில் சேப்பங்கிழங்கும், இலையில் சுற்றி வேகவைத்த மாட்டிறைச்சியும். உள்ளே விடமாட்டார்கள் என்றதும் நடைபாதையில் நின்றே மெதுவான குரலில் ஒரு பாட்டுப் பாடினார்கள். பாடி முடித்ததும் போதகர் என்னைக் கட்டிக்கொண்டார். "உன் ரத்தத்தையே குடுத்த பிள்ளடா நீ. கடவுள் பாத்துக்கிட்டுதான் இருக்காரு" என்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார், நான் தாளில் இரண்டு என்று எழுதியதையும். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ஒரு கிழவி என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். நான் அப்படியே மென்று விழுங்கிவிட்டேன். அவர்கள் போன பிறகு சேய்னி, "சாப்பிடு" என்று தட்டை நீட்டினாள். வேண்டாம் என்றேன். "உன் மரியாதையக் கொண்டுபோய்க் குப்பையில போடு" என்றாள்.  "நானும்தான் தாளப் பாத்துட்டுச் சும்மா இருந்தேன். எனக்கும் வாய் இருந்துச்சே."

வியாழக்கிழமை காலை, மருந்து தொடங்கி மூன்றாம் நாள். சேய்னி வெளியே வந்தாள். "உன்னக் கூப்பிடுறாங்க."

"யாரு, டாக்டரா?"

"அண்ணி."

"என்னத்துக்கு?"

"போய்க் கேளேன்."

கையைக் கழுவி, மஞ்சள் அங்கியும் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டேன். வாசலில் நின்றேன். என் கால் அதற்கு மேல் வரமாட்டேன் என்றது. அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் வீங்கி, தோல் கருத்து, அங்கங்கே உரிந்திருந்தது. கண் மட்டும் அக்காவுடையது.

"உள்ள வா" என்றார். குரல் கரகரத்தது.

உள்ளே போய்க் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தேன். நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தால் அவருக்குச் சமமாகிவிடும். தலையைக் குனிந்துகொண்டேன்.

"மன்னிச்சிடுங்கக்கா."

"நானும்தான் சொல்லல" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "உனக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு நான் சொல்லல. எனக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு நீ கேக்கல. நல்லா வளத்திருக்காங்க நம்மள."

சிரித்தாரா என்று தெரியவில்லை. நான் நிமிரவில்லை.

"டாக்டர் என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.

"இன்னும் ரெண்டு நாள் போனாத்தான் தெரியுமாம்."

"எனக்கும் அதான் சொன்னாங்க. நேத்தவிடக் கொறஞ்சிருக்கான்னு பாக்கணுமாம். சேய்னிக்குப் பாவம், தூங்கி மூணு நாளாச்சு. அவள வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன்." மறுபடி மூச்சு வாங்கினார். "தம்பி, வீட்ல யாரு பெரியவங்க?"

"நீங்கதான்."

"நான் சொன்னா நீ மறுப்பியா?"

"இல்லக்கா."

"அப்ப தலைய நிமிர்த்து."

நிமிர்த்தினேன். அக்கா முழங்காலை மெல்ல அசைத்துப் போர்வையை மேலே தள்ள முயன்றார். விரல்களில் கட்டு இருந்ததால் கையால் இழுக்க முடியவில்லை. நான் உதவவில்லை, என் கை எழவில்லை. இரண்டு மூன்று தரம் முயன்று அவரே போர்வையைக் கணுக்கால் வரை விலக்கிவிட்டார். தரையில் உட்கார்ந்திருந்த என் கண்ணுக்கு நேராக, ஒரு கை தூரத்தில், அக்காவின் இரண்டு உள்ளங்கால்களும் இருந்தன. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"எங்க பாக்குற? இங்க பாரு" என்றார். "நாளைக்கு டாக்டர் கேட்டா நீதான் சொல்லணும். நல்லாப் பாத்துக்க."

பார்த்தேன். இடது உள்ளங்கால் முழுவதும் சிவந்து, குதிகாலில் ஒரு கொப்புளம் உடைந்து, தோல் ஓரமாகச் சுருண்டிருந்தது. அதன் கீழே ஈரமான இளஞ்சிவப்பு. நடுவில் ஒரு நாணயமளவு இடம் மட்டும் பழைய நிறத்திலேயே இருந்தது. அது நேற்றும் அப்படி இருந்ததா, இன்றைக்குத்தான் வந்ததா, எனக்குத் தெரியாது. நான் நேற்றுப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் முட்டி எல்லாம் கலங்கியது. கையுறையின் பின்பக்கத்தால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பெருவிரல் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"வலது கால்" என்றார் அக்கா.